பல் வலியா, நரம்பு வலியா? திரும்பத் திரும்ப வரும் முக வலி பற்றிக் கேள்வி பதில்

நரம்பியல் பிரிவில் நீண்ட காலம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். எனக்கும் இடது கன்னத்தில் ட்ரைஜெமினல் நரம்பு வலி என்ற இந்த முக வலி உண்டு. நான் மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரையின் அளவைக் கூட்டுவது குறைப்பது பற்றி மட்டும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். மற்றதை எல்லாம் தயங்காமல் இங்கே கேட்கலாம்.

கேள்வி: அக்கா, வலது மேல் தாடையில் விட்டு விட்டு வலி. ஒரு பல்லுக்கு ரூட் கேனால் செய்தாயிற்று. அதற்கு அடுத்த பல்லைப் பிடுங்கியும் ஆயிற்று. வலி அப்படியே இருக்கிறது. இப்போது மூன்றாவது பல்லைப் பிடுங்கலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பல் கெட்டிருப்பதற்கு எக்ஸ்ரேயிலோ நேரடிப் பரிசோதனையிலோ தெளிவான அடையாளம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், நரம்பியல் மருத்துவர் ஒருவர் பார்க்கும் வரை பிடுங்க வேண்டாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது.

பல்லுக்கும் ஈறுக்கும் கன்னத்துக்கும் உணர்ச்சியைக் கொண்டு போவது ஒரே நரம்புதான். அந்த நரம்பு மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் கோளாறு செய்தாலும், வலிப்பது பல் என்றுதான் நமக்குத் தோன்றும். இது உங்கள் கற்பனை இல்லை, பல் மருத்துவரின் அலட்சியம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த வலிக்காக நல்ல பற்களை வரிசையாக இழந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கும்.

கவனிக்க வேண்டியது இதுதான். பல் வலி பெரும்பாலும் விண் விண்ணென்று மணிக்கணக்கில் நீடிக்கும். சூடோ குளிர்ச்சியோ பட்டால் கிளம்பி, அடங்க நேரம் பிடிக்கும். நரம்பு வலி சுரீரென்று ஷாக் அடித்தது போல வந்து நொடிகளில் நின்றுவிடும். அதிகம் போனால் 2 நிமிடம். உதட்டோரத்தையோ மூக்குப் பக்கத்தையோ விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே கிளம்பும். அழுத்திப் பிடித்தால் சில சமயம் ஒன்றுமே ஆகாது.

விரிசல் விட்ட பல்லும் கடிக்கும்போது சுரீரென்று குத்தும். அதனால் பல் மருத்துவரிடம் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேள்வி: (அவரே) மரப்பு ஊசி போட்டதும் வலி நின்றது. அப்படியானால் பல்தானே காரணம்?

பதில்: அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வலியைக் கிளப்பிவிடும் இடம் மரத்துப்போனாலே நரம்பு வலியும் நின்றுவிடும். இன்னொன்றும் நடக்கும். இந்த வலி தானாகவே வாரக்கணக்கில் ஓயும். பல் பிடுங்கிய நேரத்தில் ஓய்ந்தால் அதனால்தான் போனது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். மறுபடி வரும்போது அடுத்த பல்லின் மேல் பழி விழும்.

கேள்வி: முக நரம்பு வலி என்றால் வாய் கோணிப்போகுமா மேடம்? பயமாக இருக்கிறது.

பதில்: போகாது. அது வேறு நரம்பு. முகத் தசையை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு. அது தளர்ந்தால்தான் வாய் கோணும், கண் மூடாது. நாம் பேசுவது ஐந்தாவது நரம்பைப் பற்றி. ட்ரைஜெமினல் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். நெற்றியும் கண்ணும் ஒரு கிளை, கன்னமும் மேல் தாடையும் ஒரு கிளை, கீழ்த் தாடை ஒரு கிளை. வலி அதிகமாக வருவது கீழே உள்ள இரண்டு கிளைகளில்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்துவிட்டது. "உங்களுக்கு ஒன்றும் இல்லை, மன அழுத்தம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் இந்த வலி எங்கிருந்து வருகிறது?

பதில்: ஸ்கேன் நார்மல் என்றால் கட்டியோ மூளையில் தழும்போ தென்படவில்லை என்று பொருள். வலி இல்லை என்று பொருள் இல்லை. இந்த நோயை முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்துத்தான். காரணம் தேடுவதற்குத்தான் ஸ்கேன்.

மூளைத்தண்டில் நரம்பு நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் சாய்ந்து துடித்துக்கொண்டே இருப்பது அடிக்கடி காணும் காரணம். மின்கம்பியின் மேலுறை தேய்ந்தால் பக்கத்துக் கம்பிக்கு மின்சாரம் தாவுகிறதே, அதுபோல நரம்பின் உறை தேய்ந்த இடத்தில் சாதாரணத் தொடு உணர்ச்சி வலியாகத் தாவிவிடுகிறது. வழக்கமான மூளை ஸ்கேனில் இது தப்பிவிடலாம். அந்த நரம்பை மட்டும் மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கும் முறை இருக்கிறது. "ட்ரைஜெமினல் நரம்புக்கான ஸ்கேன்" என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வலியே இல்லாத பலருக்கும் ரத்தக்குழாய் நரம்பைத் தொட்டபடி இருக்கும். எந்தக் காரணமும் தென்படாமலே வலி இருப்பவர்களும் உண்டு, அதற்கும் மருத்துவத்தில் தனிப் பெயரும் இடமும் இருக்கிறது. ஆகவே படத்தை மட்டும் நம்பி உங்களைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சிஸ்டர், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ரொம்ப வலிக்குது" என்று மட்டும்தான் வருகிறது. எப்படிச் சொல்ல வேண்டும்?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. பல பேருக்கு நோய் பிடிபடாமல் போவது இந்த இடத்தில்தான். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எப்படி வலிக்கிறது என்பதுதான் மருத்துவருக்கு வேண்டும்.

ஒரு விரலால் வலி தொடங்கும் இடத்தையும் அது ஓடும் வழியையும் கண்ணாடி முன் நின்று தொட்டுப் பாருங்கள். தொட்டால் வலி வரும் என்றால் தொடாமல் காட்டினால் போதும். ஒரு பக்கம் மட்டுமா, நடுக்கோட்டைத் தாண்டுகிறதா? ஒரு வீச்சு எத்தனை நொடி? தொடர்ந்து பத்து வீச்சு வந்தால் அதைப் பத்து நிமிட வலி என்று சொல்லாதீர்கள், "நொடி நொடியாகப் பத்து முறை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியே மருத்துவரின் எண்ணத்தை மாற்றும். இரண்டு வீச்சுக்கு நடுவில் முகம் சுத்தமாக வலியில்லாமல் இருக்கிறதா, இல்லை மந்தமாக வலித்துக்கொண்டே இருக்கிறதா?

அப்புறம், எது கிளப்புகிறது: பல் தேய்ப்பதா, பேசுவதா, மெல்லுவதா, காற்றா, சவரமா. தூக்கத்தில் எழுப்புகிறதா. கண்ணில் நீர், சிவப்பு, மூக்கடைப்பு கூட வருகிறதா. வலி தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தில் அக்கி வந்ததா, அடிபட்டதா, பல் வேலை நடந்ததா. எந்த மாத்திரை தின்றும் குறையவில்லை என்பதையும் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்பதில்லை, அதுவும் ஒரு தடயம்தான்.

இவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி வரும்போது வீட்டில் யாராவது செல்போனில் படமெடுத்தால் இன்னும் நல்லது. பேச்சு பாதியில் நின்று முகம் இறுகுவதைப் பார்த்தால் மருத்துவருக்கு நிறையப் புரியும்.

கேள்வி: எனக்கு ஷாக் மாதிரி இல்லை. நாள் முழுக்க ஒரு மந்தமான வலி, கன்னம் முழுக்க. இதுவும் அதுதானா?

பதில்: வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். தாடை மூட்டும் அதன் தசையும் வலிக்கலாம். அப்படியானால் வாய் திறக்கும்போது சத்தம், காலையில் தாடை இறுக்கம் இருக்கும். பல் வேலையிலோ அடிபட்டோ நரம்பு காயப்பட்டிருந்தால் எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்து வரும். அக்கி வந்து போன இடத்திலும் எரிச்சல் தங்கிவிடும். எதுவும் பிடிபடாமல் தினமும் மணிக்கணக்கில் வரும் முக வலி என்று ஒரு வகையும் இருக்கிறது. ஷாக் வலியோடு கூடவே மந்த வலி இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. அதனால் ஷாக் வலிக்கு ஒருவருக்குக் கேட்ட மாத்திரையை நீங்கள் வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கண்ணைச் சுற்றி, ஒரு மணி நேரம், கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. இரவில் ஒரே நேரத்துக்கு வருகிறது.

பதில்: இது க்ளஸ்டர் தலைவலி போலத் தெரிகிறது. 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும், ஓரிடத்தில் உட்கார விடாது. அதற்கான மருந்துகள் முற்றிலும் வேறு. நரம்பியல் மருத்துவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மெல்லும்போது தாடை வலிக்கிறது, நிறுத்தினால் சரியாகிறது. நெற்றிப்பொட்டில் தலைவலி, தலை சீவினால் எரிகிறது என்கிறார்.

பதில்: இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 50 வயதுக்கு மேல் இப்படி வந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் பார்வை போய்விடக்கூடும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். கண் மங்கலோ இரட்டைப் பார்வையோ இருந்தால் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

கேள்வி: எனக்கு 28 வயதுதான் அக்கா. இரண்டு பக்கமும் வருகிறது. உதடு கொஞ்சம் மரத்த மாதிரியும் இருக்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வலி பொதுவாக 50 வயதுக்கு மேல், ஒரே பக்கமாக வருவது. இளம் வயது, இரண்டு பக்கம், மரமரப்பு, காது கேட்பது குறைவது ஆகியவை இருந்தால் பின்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். நரம்புகளின் உறை அழியும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் அதில் ஒன்று, நரம்பை அழுத்தும் கட்டி இன்னொன்று. அந்தக் கட்டிகளில் பல புற்றுநோய் அல்லாதவை. அதனால் பயந்து ஒதுங்காமல் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கார்பமாசெபைன் கொடுத்திருக்கிறார்கள். கூகுளில் பார்த்தால் வலிப்பு மருந்து என்கிறது. எனக்கு வலிப்பு இல்லையே? தலை வேறு சுற்றுகிறது, நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இஷ்டத்துக்குத் துடிக்கும் நரம்பை அடக்குவதுதான் அந்த மருந்தின் வேலை, அது மூளையானாலும் முகமானாலும். 1962லிருந்து இந்த வலிக்குப் பயன்படுகிறது, இன்றும் முதலில் தருவது இதைத்தான். தொடக்கத்தில் தலைசுற்றல், தூக்கம், நடை தள்ளாட்டம் வரும். மெதுவாக ஏற்றினால் பலருக்குப் பழகிவிடும்.

கவனம் தேவைப்படுவது வேறு சிலவற்றில். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள். ஆசிய வம்சாவளியினர் சிலருக்கு இந்த மருந்தால் கடுமையான தோல் நோய் வரும் மரபுக்கூறு இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும் என்பதால், மருந்து தொடங்கும் முன்பே கேட்பது நல்லது. ரத்தத்தில் சோடியம் குறையலாம், வயதானவர் குழம்பிப் பேசினால் அதைச் சந்தேகியுங்கள். கருத்தடை மாத்திரை இதனுடன் சரியாக வேலை செய்யாது, கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இது ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆக்ஸ்கார்பசெபைன், பாக்லோஃபென், லாமோட்ரிஜின், கபாபென்டின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. போதுமான அளவு கொடுத்தும் துளிகூடக் கேட்கவில்லை என்றால், நோயின் பெயரே சரிதானா என்று மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு மாதமாக வலியே இல்லை. குணமாகிவிட்டதா?

பதில்: ஓய்ந்திருக்கிறது. மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் ஓயும், பிறகு திரும்பலாம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். எந்த அளவில் வலி அடங்கியது என்பதை எழுதி வையுங்கள், திரும்பினால் உதவும்.

கேள்வி: ஆபரேஷன் என்கிறார்கள். தலையைத் திறப்பார்களாமே?

பதில்: காதுக்குப் பின்னால் சிறிதாகத் திறந்து, ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவில் மெத்தென்ற ஒரு பொருளை வைப்பார்கள். நரம்பை வெட்டுவதில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறக்குறைய 10ல் 7 பேர் வலியில்லாமல் இருந்ததாகப் பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. அந்தப் பக்கக் காது கேட்காமல் போவது, மூளைநீர் கசிவு போன்ற ஆபத்துகள் சிலருக்கு உண்டு. அதனால் இதை அடிக்கடி செய்து பழகிய அறுவை நிபுணரைத் தேடுங்கள், அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள்.

உடல்நிலை அதற்கு இடம் தராதவர்களுக்குக் கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடாக்குவது, பலூனால் அழுத்துவது, அல்லது காமா கத்தி என்ற கதிர் சிகிச்சை உண்டு. கதிர் சிகிச்சையின் பலன் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். இவை நரம்பைக் கொஞ்சம் சேதப்படுத்தித்தான் வலியைக் குறைக்கின்றன, அதனால் முகம் மரத்துப்போகலாம், வலி திரும்பவும் செய்யலாம். முன்பே சொன்ன மந்த வலிக்கு இந்தச் சிகிச்சைகள் பொதுவாக உதவுவதில்லை. இதை அறியாமல் கத்திக்குப் போகாதீர்கள்.

கேள்வி: வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் சிரித்துப் பேசினாயே என்கிறார்கள்.

பதில்: இந்த வலி அப்படித்தான் இருக்கும் என்பதை வீட்டில் ஒருவருக்காவது புரியவையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். உங்கள் வாயால் பத்து முறை சொன்னதை மருத்துவர் ஒரு முறை சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். வருத்தமான விஷயம்தான், ஆனால் பலருக்கு அது உதவியிருக்கிறது. வலி வந்தால் கையைத் தூக்குவேன், அப்போது யாரும் கேள்வி கேட்க வேண்டாம் என்று ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சே வலியைக் கிளப்பும் நோயில் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்பது பெரிய வேதனை.

கேள்வி: சில இரவுகளில் இப்படி வாழ வேண்டுமா என்று தோன்றுகிறது.

பதில்: இதை எழுதியது நல்லது. இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். ஏதாவது செய்துகொள்வேனோ என்ற பயம் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாங்க முடியாமல் தொடர்ந்து வலி வருவதே அங்கே போகப் போதுமான காரணம். கண்காணிப்பில் வைத்து ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி அடக்க முடியும். இது தற்கொலை நோய் என்று எங்கேயாவது படித்திருந்தால் அந்தப் பெயரைத் தூக்கி எறியுங்கள். மருந்து மாற்றியும் அறுவை செய்தும் வலி அடங்கி வாழ்பவர்கள் ஏராளம். இன்னும் எல்லா வழிகளையும் நீங்கள் பார்த்து முடிக்கவில்லை. நாளை எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பல் தேய்க்கவே பயம். வாய் நாறுகிறது, வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் இதே கதைதான். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று பாருங்கள், பலருக்கு விழுங்கிச் சில மணி நேரம் கழித்து. அந்த நேரத்தில் மிக மென்மையான பிரஷ்ஷால், வெதுவெதுப்பான நீரில் தேயுங்கள். வலியில்லாத பக்கத்தில் தொடங்குங்கள். முடியாத நாளில் கொப்பளித்தால் போதும். சாப்பாட்டையும் அதே நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மென்மையாக, அதிகச் சூடும் குளிர்ச்சியும் இல்லாமல். எடை குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளியே போகும்போது காற்றுப் படாமல் கழுத்துத் துணியால் கன்னத்தை மறைக்கலாம், துணி உரசினாலே வலிப்பவர்கள் குடையைச் சாய்த்துப் பிடிக்கலாம்.

பற்களைச் சுத்தம் செய்வது, அடைப்பது போன்ற வேலைகளை வலி ஓய்ந்திருக்கும் மாதங்களில் முடித்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் நாற்காலியில் உட்காரும் முன்பே நோயின் பெயரைச் சொல்லி, நீண்ட நேரம் நிற்கும் மரப்பு ஊசி போடச் சொல்லுங்கள்.