எக்ஸ்52க்குப் பின்னால ஒரு புள்ளி

அண்ணா, நீங்க பட்டறையில இருந்தவர்ங்கிறதால கேக்குறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு மூணு மாசம் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷினுக்கு, புரோகிராமிங் கோர்ஸும் போனேன். மெஷினுக்குக் குடுக்குற கட்டளை, ஜி கோடு, எம் கோடு எல்லாம் மனப்பாடம். வேலைக்குச் சேந்த எடத்துல நாலு மாசமா ஜாப் ஏத்தி எறக்குறது, அளவு பாக்குறது, அளவு தப்புனா டூல் நிக்கிற எடத்தத் திருத்த ஆஃப்செட் போடுறது, அவ்ளோதான். புரோகிராம் எழுதவே விடமாட்டேங்கிறாங்க. படிச்சது வீணா?
– ஓசூர்லேருந்து ஒரு வாசகர்

தம்பி,

ஆஃப்செட் போட விட்டிருக்காங்க, அதப்போயி அவ்ளோதான்னு எழுதிட்டீங்களே. 50.00 வர வேண்டிய விட்டம் 50.04 வந்தா எவ்ளோ போடுவீங்க? புதுசா வர்றவங்க மைனஸ் 0.02ம்பாங்க, டூல் ஒரு பக்கம்தானே வெட்டுதுன்னு. லேத்துல எக்ஸ்னா ராடுக்குக் குறுக்கால டூல் போற அச்சு, அதுல விட்டக் கணக்கு, முழுசா மைனஸ் 0.04 போடணும்.

நான் மொதமொதல்ல எழுதின புரோகிராம் கத இருக்கே. கோயம்புத்தூர்ல ஒரு சின்ன ஜாப் ஆர்டர் பட்டறை, 55 மில்லி ராடு, எக்ஸ்52ன்னு அடிச்சு பின்னால புள்ளி வைக்கணும், விட்டுட்டேன். மெஷின ஓட்டுற அந்த ஃபானுக் கம்பெனி கன்ட்ரோல்ல புள்ளி இல்லன்னா மைக்ரான் கணக்கு, மில்லில ஆயிரத்துல ஒரு பங்கு, 52ங்கிறது 0.052 மில்லி ஆயிடும். டூல் விறுவிறுன்னு சென்டருக்குப் போயி நின்னுச்சு, இசட்ல, அதாவது ராடோட நீளவாக்குல, ரெண்டு மில்லி தள்ளி நின்னதால அப்ப ஒண்ணும் ஆகல, அடுத்த வரியில ஃபீட்ல, வெட்டுற வேகத்துல, உள்ள எறங்குச்சு பாருங்க, டப்புனு ஒரு சத்தம், வெட்டுற முனையான இன்சர்ட்டும் போச்சு, அதப் புடிச்சிருக்குற ஹோல்டர் மூக்கும் போச்சு. ஓனர் திட்டல. ஒடஞ்ச இன்சர்ட்ட என் டிபன் பாக்ஸ் மேல வச்சிட்டுப் போயிட்டாரு.

அதுலேருந்து புது புரோகிராம்னா ஒவ்வொரு வரியா ஓட்டுற சிங்கிள் பிளாக், வெட்டாம ஓடுற ரேப்பிட் வேகம் 25 சதவீதம், ஒரு விரல் டூல நிறுத்துற ஃபீட் ஹோல்டு பட்டன் மேல, கண்ணு இன்னும் எவ்ளோ தூரம் பாக்கின்னு காட்டுற டிஸ்டன்ஸ் டு கோ மேல. டூல் ஜாப்ப ஒட்டி வந்தப்புறமும் இன்னும் 50 மில்லி போகணும்னு காட்டுனா அமுக்கிடணும், யோசனையெல்லாம் அப்புறம்.

ராடு முகத்த வெளியேருந்து சென்டர் வரைக்கும் சீவுற ஃபேசிங் ஓடுறப்ப, ஜாப்ப சுத்துற ஸ்பிண்டில் சத்தம் ஏறிக்கிட்டே போகுதே, கவனிச்சீங்களா? அது வெட்டுற வேகத்த ஒரே அளவுல வச்சிருக்குற ஜி96 வேல. நிமிஷத்துக்கு 150 மீட்டர்னு குடுத்தா 50 மில்லில 955 சுத்து, 10 மில்லிக்கு வர்றப்ப 4775, சென்டர் கிட்ட கேக்கவே வேணாம். அதுக்குத்தான் மேல ஜி50 எஸ்2500 மாதிரி, 2500 சுத்துக்கு மேல போகாதன்னு, ஒரு கடிவாளம் போட்டிருப்பாங்க. உங்க மெஷின்ல அந்த வரி எங்க இருக்குன்னு நாளைக்கே தேடுங்க, ஸ்க்ரீன் உங்க முன்னாடிதானே ஓடுது. டிராயிங்க வீட்டுக்கு மனசுல எடுத்துட்டுப் போயி நோட்டுல நீங்களா எழுதி, மறுநாள் மெஷின வேலைக்குத் தயார் பண்ற செட்டர் எழுதினதோட ஒப்பிட்டுப் பாருங்க. மெஷின்ல புரோகிராம மாத்த விடுற எடிட் சாவிய மட்டும் தொட்டுறாதீங்க.