எஸ்ஏஎஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

வணக்கம் ஐயா. மகள் எம்.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கிராமப்புற சுகாதார ஆய்வுகளில் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள், ‘கிளினிக்கல் எஸ்ஏஎஸ்’ (மருந்து ஆய்வுகளுக்கு எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தரும்) கோர்ஸுக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள், கட்டலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

மருந்துக் கம்பெனிகளின் சோதனைகளுக்குக் கணக்குப் போடும் நிறுவனங்களில் எஸ்ஏஎஸ்ஸுக்குத்தான் மவுசு. அங்கே பெரும்பாலும் யாருக்கு எந்த மருந்து என்ற குலுக்கல் ஆளுக்கு ஆள் நடக்கும். உங்கள் மகள் விரும்பும் ஆய்வுகளில் பல, குலுக்கலை ஊருக்கு ஊர் நடத்துபவை, ஓர் ஊரில் எல்லோருக்கும் ஒரே முடிவுதான். திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒன்று நடந்திருக்கிறது. 114 கிளஸ்டர்களில் (குலுக்கலுக்கு ஒரே அலகாக எடுத்த ஊர்த் தொகுதிகளில்) 57-இல் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தார்கள். மீதி 57-இல் வழக்கமான சிகிச்சைதான். பரிசோதனை நடந்த பக்கம் அந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது.

இதில் கணக்கு எங்கே சிக்கலாகிறது? ஒரே ஊர்க்காரர்கள் பல விதத்தில் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். அதனால் ஓர் ஊரில் 50 பேரைப் பார்த்தாலும் 50 தனித்தனி ஆட்களுக்குரிய தகவல் கிடைக்காது. அந்த ஒற்றுமையை அளக்கும் எண்ணுக்கு ஐசிசி என்று பெயர். அது வெறும் 0.02 என்றே வைத்துக்கொள்வோம். 50-இல் ஒன்றைக் கழித்து அதோடு பெருக்கி, 1-ஐக் கூட்டினால், எத்தனை மடங்கு ஆட்கள் வேண்டும் என்பது கிடைக்கும்: 1 + (49 × 0.02) = 1.98. ஆளுக்கு ஆள் குலுக்கினால் 1000 பேர் போதும் என்ற ஆய்வுக்கு, இங்கே 1980 பேர் வேண்டும். களப்பணியாளர், வண்டி, செலவு எல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு!

இதை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது. ஊரின் பெயர் ஒரு பத்தியில் இருந்தாலும், அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லாவிட்டால் எஸ்பிஎஸ்எஸ் போன்ற மென்பொருள், இரு பக்கச் சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-டெஸ்ட்டைப் போட்டு, வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று காட்டும் அழகான பி-மதிப்பைக் கொடுத்துவிடும். அது தப்பு என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் நல்ல ஆய்வுக் குழுக்கள் தேடுகின்றன. கிளஸ்டர்கள் குறைவாக இருக்கும்போது ஜிஇஇ என்ற பகுப்பாய்வு முறை முடிவின் திட்டப் பிழையை (நிச்சயமின்மையை) உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதும் நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்வியே.

சரி, எதில் பழகுவது? ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில். அது முழுக்க இலவசம். மாதிரி அளவுக்கு கிளஸ்டர்பவர், பகுப்பாய்வுக்கு எல்எம்இ4, ஜீபேக் என்று தொகுப்புகள் இருக்கின்றன. பொதுச் சுகாதார வட்டாரத்தில் ஸ்டேட்டாவும் புழங்குகிறது, ஆனால் உரிமம் விலைக்குத்தான். எஸ்ஏஎஸ்ஸையேகூட மாணவர்கள் இணையத்தில் இலவசமாகப் பழகலாம். அந்த கோர்ஸ்காரர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலூர் சிஎம்சியின் உயிர்ப்புள்ளியியல் துறை, அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் போன்ற இடங்களின் வேலை அறிவிப்புகளை அவள் தொடர்ந்து பார்க்கட்டும். ஒன்று மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆய்வுத் திட்டங்களில் வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள், திட்ட நிதி தீர்ந்தால் வேலையும் முடியும். ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். அது உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது என்றால் மருந்து ஆய்வுப் பக்கம் போகட்டும், அப்போது எஸ்ஏஎஸ் கோர்ஸைப் பற்றி மறுபடி பேசலாம். அதற்குள் இந்த செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஒரு கிளஸ்டர் ஆய்வை எடுத்து, மாதிரி அளவிலிருந்து பகுப்பாய்வு வரை ஆரில் அவளே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.