மருத்துவர் பதில்கள்: பக்கவாதம் மூளையின் எந்தப் பகுதியில்?

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு தெளிவாக இருக்கிறது; நினைவும் குறையவில்லை. ஆனால் தட்டின் வலப்புறத்தில் உள்ளதை மட்டும் உண்டுவிட்டு, இடப்புறத்துப் பொரியலைத் தொடாமலே "இன்று பொரியல் இல்லையா?" என்று கேட்கிறார். தமக்கு ஒன்றுமில்லை என்று கூறி எழுந்து, இருமுறை விழுந்தும்விட்டார். வீம்பு செய்கிறார் என்று அம்மா வருந்துகிறார். உண்மையில் அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அப்பா வீம்பு செய்யவில்லை. நீங்கள் விவரித்த இரண்டுமே வலப்பக்க மூளையில், குறிப்பாக அதன் பக்கவாட்டு மேற்பகுதியில் ஏற்படும் பாதிப்பின் நன்கறிந்த அடையாளங்கள். இடது மூளை பெரும்பாலும் வலப்புறத்தை மட்டுமே கவனிக்கிறது. வலது மூளையோ இருபுறத்தையும் கவனிக்கிறது. எனவே இடது மூளை பழுதுபட்டால் வலது மூளை ஓரளவு ஈடுகொடுத்துவிடும். வலது மூளை பழுதுபட்டாலோ, இடப்புறத்தைக் கவனிக்க வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. கண்ணில் குறையே இல்லாத நிலையிலும் இது நிகழலாம். இத்தகையவர்கள் முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்வதும், கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதுவதும் உண்டு.

செயலிழந்த கையைச் செயலிழந்ததாக உணராத நிலையை 1914இல் பாரிஸ் நகர நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி விவரித்துத் தனிப்பெயரும் சூட்டினார். உடலின் நிலையை உணர்ந்து சரிபார்க்கும் பகுதியே சேதமுற்றிருப்பதால், அவருக்குத் தம் குறை உண்மையாகவே தெரியவில்லை. ஆகவே வாதிட்டு அவரை ஒப்புக்கொள்ளவைக்க முயல வேண்டாம். அது அவரைச் சினமூட்டுமே தவிர, எதையும் உணர்த்தாது.

வீட்டில் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பும்படி ஒவ்வொரு வேளையும் நினைவூட்டுங்கள். முக்கியமான செய்தியை அவரது வலப்புறம் நின்று சொல்லுங்கள். சாதாரணமாகப் பேசும்போது சிறிது சிறிதாக இடப்புறம் நகருங்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கையில் இடது கை சக்கரத்தில் சிக்கினாலும் அவர் அறியமாட்டார் என்பதால், அதை மடியில் தலையணைமேல் வையுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும். தனியே எழுந்து நடப்பதைப் பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கும்வரை யாரேனும் அருகில் இருக்க வேண்டும். முதல் சில மாதங்களில் இந்தக் கவனக்குறைவு பலருக்கும் கணிசமாகக் குறைகிறது. மனநல மருத்துவரைவிட, நரம்பியல் மருத்துவரிடமும் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவிலும் காட்டுவதே இப்போதைய தேவை.

கேள்வி: இடது மூளையில் பக்கவாதம் வந்த என் கணவரின் அண்ணன், "தண்ணீர்" என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிறார். ஆனால் தேவாரப் பாடலைத் தொடங்கிவைத்தால் இரண்டு வரி பாடிவிடுகிறார். சில சமயம் காரணமின்றி அழுகிறார். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா?
- வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் புரிகிறது என்றே உங்கள் விவரிப்பிலிருந்து எண்ணுகிறேன், பேச்சுப் பயிற்சியாளர் சோதித்தே அளவை உறுதிசெய்ய முடியும். வலக்கைப் பழக்கமுடையவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இடது மூளையைச் சார்ந்தது. 1861இல் பால் புரோக்கா கண்ட நோயாளி ஒருவரால் "தான்" என்னும் ஓரசையை மட்டுமே ஒலிக்க முடிந்தது. பிறர் சொன்னதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது. அவரது மூளையில் நெற்றிப்பகுதியின் இடப்புறம் சேதமுற்றிருந்தது. அதற்குப் பின்னால், காதுக்கு அருகிலுள்ள பகுதி பாதிக்கப்பட்டால் நிலைமை தலைகீழாகிறது: சரளமாகப் பேசுவார், பொருள் இராது, பிறர் பேச்சும் புரியாது. இதை 1874இல் கார்ல் வெர்னிக்கே விளக்கினார்.

பாட்டு, எண்ணுதல், பிரார்த்தனை போன்ற பழகிய தொடர்கள் தப்பிப்பிழைப்பது வழக்கம். அவற்றுக்கு வலது மூளையும் துணைசெய்கிறது. இதைப் பயன்படுத்தி, சொற்களை ராகமிட்டுச் சொல்லவைக்கும் பயிற்சிமுறையே இருக்கிறது. எழுதிக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்; பேச்சோடு எழுத்தும் பாதிக்கப்பட்டிருக்கும். "காப்பியா, மோரா?" என்று பொருளைக் காட்டிக் கேட்டு, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எனக்கு மிகவும் வேதனை தரும் காட்சி அது.

அழுகைக்கு இரு காரணங்கள் இருக்கலாம். உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை அறுபட்டால், துயரமே இல்லாமலும் அழுகை பீறிட்டுச் சில நொடிகளில் அடங்கும். மாறாக, பசியும் உறக்கமும் குறைந்து பயிற்சியிலும் நாட்டம் போயிருந்தால் அது மனச்சோர்வு. பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வருகிறது. இரண்டுக்கும் மருந்துண்டு.

கேள்வி: கை, கால் விழாமல் வெறும் தலைச்சுற்றலாகவும் பக்கவாதம் வருமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வரும். சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ அடைப்பு ஏற்பட்டால் திடீர்த் தலைச்சுற்றல், வாந்தி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, விழுங்குவதில் தடை ஆகியவை தோன்றலாம்; பித்தம் என்று எண்ணிப் பலர் நேரத்தை இழக்கிறார்கள். திடீரென நிற்கவோ நடக்கவோ முடியாமல் போனால் 108ஐ அழையுங்கள். இப்பகுதிகளின் அடைப்பு தொடக்க நேரச் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனுக்கு முன் தெரியாதாகையால், வீட்டிலிருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.