ஏதென்ஸிலிருந்து ஹைட்ரா தீவுக்குத் தனி வண்டி வைத்து ஒரே நாளில் போய் வரலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஏதென்ஸில் ஒரு நாள் கையில் இருக்கிறது, வயதான அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், கார் ஓடாத ஹைட்ரா தீவைப் பார்க்க ஆசை. பயண முகவர் ‘பிரைவேட் டூர்’ என்று பெரிய தொகை சொல்கிறார். அது தேவையா, சாதாரணக் கப்பலிலேயே போய் வரலாமா?

ஹைட்ராவுக்குக் கட்டாயம் போங்கள். நான் தனியாகவும் போயிருக்கிறேன், முழங்கால் வலி உள்ள என் அம்மாவைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பல், தரைவழி வண்டி என்று இரண்டு வழியும் எனக்குத் தெரியும். முடிவெடுக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஏற்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் கடற்கரை வரைக்கும்தான் வேலை செய்யும். தீவில் இறங்கிய பிறகு சொகுசு வண்டியில் வந்தவரும் கப்பலில் மூட்டையோடு வந்தவரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறியாக வேண்டும். கார், பைக் இரண்டுக்கும் அங்கே சட்டப்படி தடை. சைக்கிளும் கிடையாது. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் மாதிரி அவசியமானவை மட்டும் உண்டு. அதனால் தரைப்பக்கத்தில் அந்தப் பணம் உங்களுக்கு என்ன வாங்கித் தருகிறது என்று மட்டும் பாருங்கள்.

‘பிரைவேட்’ என்ற பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறார்கள். அதிகம் விற்பது டிரைவரோடு ஒரு வேன். காலையில் ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு, கொரிந்து கால்வாய் வழியாகப் பெலொப்பொனேசு தீபகற்பத்துக்குள் நுழைந்து, ஹைட்ராவுக்கு நேர் எதிரே இருக்கும் மெத்தோகி என்ற சின்னப் படகுத்துறையில் இறக்கிவிடுவார்கள். நிற்காமல் போனால் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து படகில் அரை மணிக்குள் தீவு வந்துவிடும். டிரைவர் மெத்தோகியிலேயே காத்திருப்பார், ஏனென்றால் அவர் வண்டி அதற்கு மேல் போக முடியாது. இன்னொரு வகை, ஏதென்ஸ் கடற்கரையில் ஏதாவது ஒரு மெரினாவிலிருந்து மோட்டார் படகை முழுசாக வாடகைக்கு எடுப்பது. அது வேறு விலை, வேறு உலகம். வயதானவர்களை வைத்துக்கொண்டு திறந்த கடலில் வேகப் படகில் குலுங்கிப் போவதை நான் சொல்லவே மாட்டேன். பாய்மரப் படகு என்றால் ஒரே நாளில் போய்த் திரும்ப நேரம் போதாது.

டிரைவர் வேறு, வழிகாட்டி வேறு என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் கூட வந்து விளக்க அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத்தான் அனுமதி. டிரைவர் வழியில் நன்றாகக் கதை சொல்லுவார், ஆனால் வாசலோடு நின்றுவிடுவார். ‘டூர்’ என்ற சொல்லைப் பார்த்து இரண்டும் சேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

சாதாரண வழி பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அதிவேகக் கப்பல். அதில் பயணிகள் மட்டும்தான், வண்டி ஏற்ற இடமே இல்லை. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கட்டணம் ஒருவருக்கு ஒரு வழிக்கு 40 யூரோவை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராவும் சேர்ந்த சாரோனிக் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் பொதுவாக ‘இ8’ வாசல் பக்கம் புறப்படும். டிக்கெட்டில் உள்ள வாசல் எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள், பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். 2022 அக்டோபரிலிருந்து மெட்ரோவின் நீலத் தடம் நேராகத் துறைமுகம் வரை வருகிறது, அதனால் நகர மையத்தில் இருக்கும் சின்டாக்மாவில் ஏறினால் மாற வேண்டியதில்லை. பெற்றோர் இருப்பதால் டாக்சியில் வாசல் வரை போய்விடுவது நல்லது. கப்பல் பெரும்பாலும் முதலில் போரோஸ் தீவில் நிற்கும். பலர் எழுந்து நிற்பதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். ஹைட்ராவைக் கிரேக்கர்கள் ‘ஈத்ரா’ என்பார்கள், அறிவிப்பில் அது காதில் விழும்போது எழுந்தால் போதும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் கப்பலில்தான் போவேன். வேனுக்குச் சில நூறு யூரோ ஆகும். மெத்தோகி படகுக் கட்டணம் மலிவுதான், ஆனால் அதை வைத்து வேன் செலவு ஈடாகாது. அந்தப் பணத்தில் தீவிலேயே ஒரு இரவு தங்கலாம், அல்லது பெற்றோரை நடக்கவிடாமல் தண்ணீர் டாக்சி என்ற சின்ன வாடகைப் படகில் கூட்டிப்போகலாம். வேன் போகும் வழியில் எப்பிடாரஸ் என்ற ஊருக்கு அப்புறம் சாலை மலை வளைவுகளாகவே போகிறது. வாந்தி வரும் ஆளாக இருந்தால் அது கப்பலைவிட மோசம்.

சரி, வேன் எப்போது சரி? வீட்டில் யாருக்காவது கடல் பயணம் அறவே ஒத்துக்கொள்ளாது, சாலை பரவாயில்லை என்றால் வேன் நல்லது, கடலில் இருக்கும் நேரம் அரை மணிக்குள் முடிந்துவிடும். இன்னொரு உண்மையான லாபம் திரும்பும் நேரம். பிரேயஸ் கப்பலில் நீங்கள் வாங்கிய டிக்கெட்டின் நேரத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். மெத்தோகிக்கோ கோடைக்காலத்தில் நாள் முழுக்கப் படகுகள் போய் வரும், தவறினால் தண்ணீர் டாக்சியும் இருக்கிறது. அம்மா களைத்துவிட்டார் என்றால் உடனே கிளம்பலாம், உற்சாகமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுக்கலாம்.

ஆனால் வேனில் போனால் ஒரு ஆசைக்கு அணை போடுங்கள். முகவர் அட்டவணையில் கொரிந்து கால்வாய், எப்பிடாரஸ் அரங்கு, ஹைட்ரா மூன்றையும் ஒரே நாளில் அடைத்திருப்பார். கால்வாயில் பத்து நிமிடம் நின்று பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. 1893-ல் திறந்த, செங்குத்தாகப் பாறையை வெட்டிய கால்வாய், பார்க்க வேண்டியதுதான். எப்பிடாரஸ் அப்படி இல்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கல் அரங்கு, சுமார் 14,000 பேர் உட்காரும் இடம், அதற்கே அரை நாள் கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் தீவில் மூன்று மணி நேரம்கூட மிஞ்சாது. ஹைட்ரா, போரோஸ், ஏகினா மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பெரிய சுற்றுலாக் கப்பல்களிலும் இதே குறைதான். ஹைட்ராவுக்கு ஒன்றரை மணி நேரம் அளவுதான் தருவார்கள். துறைமுகத்தில் ஒரு காபி குடித்து, நாலு கடை ஏறி இறங்கினால் சங்கு ஊதிவிடுவார்கள்.

நேரம் வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கார் இல்லாத ஊரின் அருமை இறங்கிய உடனே தெரியாது. துறைமுகம் சத்தமாகத்தான் இருக்கும். சரக்குப் படகு வந்திருக்கும் காலை நேரமாக இருந்தால், எங்கும் போகாமல் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் பாட்டில் கட்டுகள், சிமென்ட் மூட்டைகள், தக்காளிப் பெட்டிகள், சுற்றுலாப் பயணிகளின் சூட்கேஸ்கள் எல்லாம் கல்தளத்தில் குவிந்து கிடக்கும். கோவேறு கழுதைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டப்பட்டு நிற்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் புதுச் சலவை இயந்திரம் ஒன்றை மரச் சேணத்தின் மேல் ஏற்றினார். முதலில் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து, மறுபக்கம் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, கையால் தட்டிப் பார்த்து, விலங்கின் காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னார். அது தானாகவே சந்துக்குள் திரும்பி ஏற ஆரம்பித்தது. வழியில் நின்றவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். லாடச் சத்தம் மேலே போகப் போகத் தேய்ந்தது. அந்த வீட்டுக்காரருக்கு வேறு வழியே கிடையாது. சுமார் 2,000 பேர் வாழும் ஊரில் ஒவ்வொரு செங்கல்லும் அப்படித்தான் மேலே போயிருக்கிறது.

அதனால்தான் ‘கழுதைச் சவாரி’ விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. சாமான் சுமப்பது அங்கே வாழ்க்கை. போட்டோவுக்காக வெயிலில் ஏறி உட்காருவது அப்படி அல்ல. 2018-ல் கிரீஸ் அரசு ஒரு விதியை வெளியிட்டது: 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது. சூட்கேஸ் இருந்தால் தாராளமாக ஏற்றி அனுப்புங்கள், அது அவர்கள் பிழைப்பு. நீங்கள் நடந்து போங்கள்.

பெற்றோருக்கு நடக்கக்கூடிய வழி எது? துறைமுக முன்புறம் ஓரளவு சமதளம். கல் வழவழப்பாக இருக்கும், நல்ல ரப்பர் அடி உள்ள செருப்பு வேண்டும். மணிக்கூண்டுக்கு அடியில் இருக்கும் பழைய மடத்தின் முற்றத்துக்குள் போய் உட்காருங்கள், வெளியே இருக்கும் கூட்டம் அங்கே கேட்கவே கேட்காது. துறையின் கிழக்குப் பக்கம் ஆவணக் காப்பக அருங்காட்சியகம் இருக்கிறது. 1821 விடுதலைப் போரில் கிரேக்கக் கடற்படையை நடத்திய மியாவுலிஸின் இதயம் அங்கே பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த மொட்டைப் பாறையில் இவ்வளவு பெரிய மாளிகைகள் எப்படி என்று அப்பா கேட்டால், நெப்போலியன் காலத்துப் போர்களில் பிரிட்டிஷ் கடல் முற்றுகையைத் தாண்டித் தானியம் ஏற்றிச் சம்பாதித்த கப்பல்காரர்களின் வீடுகள் என்று சொல்லுங்கள். விடுதலைப் போருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை அந்தக் குடும்பங்கள்தான் கொடுத்தன. அந்தக் கப்பல்காரர்களில் ஒருவரான லாசரோஸ் குந்துரியோதிஸின் மாளிகை உள்ளே போய்ப் பார்க்கக் கூடியது, ஆனால் மேற்குக் குன்றில் படி ஏற வேண்டும். என் அம்மா கீழே மர நிழலில் உட்கார்ந்துவிட்டார், நான் மட்டும் ஏறினேன். நீங்களும் அப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

பிறகு மேற்கே கடலோரப் பாதையில் நடந்தால் கால் மணியில் கமினி என்ற மீனவர் துறை வரும். இதைத் தவறவிடாதீர்கள். துறைமுகம் கண்ணிலிருந்து மறைந்ததும் சத்தம் சட்டென்று மாறும். யாரோ மாடியில் பேசுவது, பூனை ஓடுவது, அலை பாறையில் மோதுவது, இவ்வளவுதான் கேட்கும். நகரத்தில் நாம் எந்நேரமும் பின்னால் வண்டி வருகிறதா என்று காது கொடுத்தே நடக்கிறோம். என் அம்மா வழக்கமாகத் தெருவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கமினி பாதையில் பாதியிலேயே கையை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். அந்தப் பாதையில் பாடகர் லெனார்ட் கோஹனின் நினைவாக ஒரு பெஞ்சு இருக்கிறது. 1960-ல் 1,500 டாலருக்கு இங்கே வீடு வாங்கியவர் அவர். மேல் சந்துகளில் அந்த வீட்டைத் தேடிப் பலர் அலைகிறார்கள். அது அருங்காட்சியகம் அல்ல, குடும்பத்தின் வீடு. பெஞ்சே போதும்.

கமினிக்கு அப்பால் விலீகோஸ் கடற்கரை. போக ஒரு வழி நடந்து, திரும்பும்போது தண்ணீர் டாக்சி பிடியுங்கள். கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு, அதனால் நான்கு பேருக்கு அவ்வளவு உறுத்தாது. ஏறும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எலியாஸ் தீர்க்கதரிசி மடம் அழகானது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். பெற்றோரோடு வேண்டாம்.

சைவம் என்றால் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ‘ஃபாவா’ கேளுங்கள். நம் பருப்புக் கடையலில் காரத்தை எடுத்துவிட்டு ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்ட மாதிரி இருக்கும், அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. ‘பிரியாம்’ என்ற, அடுப்பில் சுட்ட காய்கறிக் கலவையும் ‘கிகாண்டெஸ்’ என்ற பெரிய மொச்சையும் வயிறு நிறைக்கும். ‘நிஸ்டிசிமா’ என்று கேட்டால் விரத உணவு தருவார்கள், அதில் முட்டை, பால், இறைச்சி இருக்காது. ஆனால் இறாலும் கணவாயும் அந்த விரதத்தில் சேரும், அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். தீவின் பாதாம் இனிப்பை வாங்க மறக்காதீர்கள்.

போகும் மாதம் மே அல்லது செப்டம்பர் பின்பாதி. ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகலில் அந்தக் கல்படிகள் அனலாகக் கொதிக்கும், வயதானவர்களை அதில் நடத்தக்கூடாது. 2024 ஜூனில் தீவின் பைன் காட்டில் தீப்பிடித்தபோது அந்தப் பக்கம் சாலையே இல்லாததால் தீயணைப்பு வீரர்கள் கடல் வழியாக வந்து இறங்க வேண்டியிருந்தது. கார் இல்லாத வாழ்க்கையில் இந்த ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அங்கே சிகரெட் துண்டைக்கூடக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

போகும் டிக்கெட்டை வாங்கும்போதே திரும்பும் டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள். சனி ஞாயிறு மாலைக் கப்பல்கள் நிறைந்துவிடும். முதல் நாள் இரவு காற்று நிலவரத்தையும் துறைமுக வேலைநிறுத்த அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பலை விடமாட்டார்கள். மறுநாள் காலை விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள்.