கட்டுரைத் தலையில் ஒரு வரி: விக்கிப்பீடியா வாசகர் கேள்வி பதில்

விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்தவர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் நிறைய ஒரே விஷயத்தையே சுற்றி வந்தன: "நீங்கள் தேடுவது இது இல்லையென்றால் அங்கே போங்கள்" என்று கட்டுரையின் தலையில் நிற்கும் அந்தச் சின்னக் குறிப்பு. அதனால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கே: எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. இந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி, அதாவது குரு கோயில். அதனால் கட்டுரையின் முதல் வரியிலேயே "குரு கோயில் இந்த ஊரில் இல்லை" என்று எழுதினேன். யாரோ நீக்கிவிட்டு, "வார்ப்புரு பயன்படுத்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையால் எழுதினால் என்ன தப்பு?
– ஓர் ஆசிரியர், ஆலங்குடி

உங்கள் எண்ணமும் சரி, நீக்கியவர் சொன்னதும் சரி. கட்டுரையின் முதல் வரி, ஆலங்குடி எங்கே இருக்கிறது, அது என்ன ஊர் என்று சொல்ல வேண்டிய இடம். அங்கே போய் "இங்கே கோயில் இல்லை" என்று தொடங்கினால், ஊரைப் பற்றிப் படிக்க வந்தவருக்கு அது என்னவோ சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். வார்ப்புரு என்பது ஒருமுறை எழுதிவைத்து, பெயரைச் சொல்லிப் பல கட்டுரைகளில் போட்டுக்கொள்ளும் அச்சு. அதன் வழியாகப் போட்டால் அந்த வரி சாய்வெழுத்தில், கொஞ்சம் உள்தள்ளி, கட்டுரையோடு ஒட்டாமல் நிற்கும். இன்னொன்று, ஒழுங்காக எழுதப்பட்ட வார்ப்புரு என்றால் மென்பொருளுக்கும் அது கட்டுரை இல்லை, குறிப்பு என்று தெரியும். விக்கியின் உள்தேடல் அதை உரையோடு சேர்க்காது, பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் அது குறிப்பு என்று புரியும்.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது 'அபவுட்' என்ற வார்ப்புரு. பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கட்டுரையின் உச்சியில், தகவற்பெட்டிக்கும் (ஊரின் விவரங்களைப் பட்டியலாகக் காட்டும் பெட்டி) மேலே, இந்த மாதிரி வரும்:

{{About|புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள பேரூராட்சி|திருவாரூர் மாவட்டத்தில் உள்ள குரு கோயில்|ஆலங்குடி ஆபத்சகாயேசுவரர் கோயில்}}

முதல் நிற்கும் கோட்டுக்கு (|) பின்னால் இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்பது. அடுத்தது வழி தவறி வந்தவர் எதைத் தேடியிருப்பார் என்பது. கடைசியில் அவரை அனுப்ப வேண்டிய கட்டுரையின் தலைப்பு. தலைப்பு விக்கியில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். இரட்டைச் சதுர அடைப்பு போடாதீர்கள், இணைப்பை வார்ப்புருவே செய்துகொள்ளும். "இக்கட்டுரை இன்னது பற்றியது, இன்னதற்கு இன்னதைப் பாருங்கள்" என்ற சொற்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன, நீங்கள் நிரப்புவது இடைவெளிகளை மட்டும்தான்.

ஒரு சிக்கல் உண்டு. வார்ப்புருவுக்கு வேற்றுமை உருபு சேர்க்கத் தெரியாது. நீங்கள் "குரு கோயிலைப்" என்று கொடுத்தால் அது அப்படியே வாங்கிக்கொண்டு பக்கத்தில் தன் சொல்லை ஒட்டிவைக்கும், வாக்கியம் நொண்டும். எழுவாயாக வெறும் பெயரைக் கொடுங்கள், முன்தோற்றத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அப்புறம் சேமியுங்கள்.

கே: இதையெல்லாம் கட்டுரையின் அடியில் "இவற்றையும் பார்க்க" என்று போட்டுவிட்டால் போதாதா?
– பட்டதாரி மாணவி, நாமக்கல்

போதாது. தப்பான பக்கத்துக்கு வந்தவர் அடிவரை உருட்டிப் பார்க்க மாட்டார், முதல் திரையிலேயே திரும்பிவிடுவார். அடியில் இருப்பது கட்டுரையைப் படித்து முடித்தவருக்கு, தலையில் இருப்பது படிக்கவே வேண்டாதவருக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தொடர்புள்ள கட்டுரைகளையெல்லாம் தலையில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். நடுவில் வருவது வேறு வகை. சென்னை பற்றிய கட்டுரையில் போக்குவரத்து என்று ஒரு பிரிவு, அதற்கே தனிக் கட்டுரையும் இருக்கிறது என்றால், பிரிவுத் தலைப்புக்கு நேர் கீழே "முதன்மைக் கட்டுரை" வார்ப்புருவைப் போடுவார்கள். அது வழி தவறியவருக்கு இல்லை, இன்னும் விரிவாகப் படிக்க விரும்புகிறவருக்கு.

கே: ஆங்கிலத்திலிருந்து ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அதன் தலையில் இருக்கும் குறிப்பையும் மொழிபெயர்த்துவிடலாமா?
– மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

பெரும்பாலும் வேண்டாம். குழப்பம் ஒவ்வொரு மொழிக்கும் வேறு. ஆங்கிலத்தில் மெர்க்குரி என்றால் கோள், பாதரசம், ரோமானியக் கடவுள் என்று பல பேர் வரிசையில் நிற்பார்கள். நமக்குப் பாதரசத்தோடு தகராறே இல்லை, ஆனால் புதன் என்று தேடுகிறவருக்குக் கிழமையும் வேண்டியிருக்கலாம், நவக்கிரகத்துப் புதனும் வேண்டியிருக்கலாம். ஆங்கிலக் குறிப்பை அப்படியே கொண்டுவந்தால், இல்லாத குழப்பத்தைத் தீர்த்துவைத்து இருக்கிற குழப்பத்தை விட்டுவிடுவீர்கள். தலைப்பிலேயே "புதன் (கோள்)" என்று அடைப்புக்குறி இருந்தால் குறிப்பே அநேகமாகத் தேவையில்லை. அதைப் பார்த்த பிறகும் கிழமை என்று நினைத்து யாரும் உள்ளே வரப்போவதில்லை.

கே: ஔவையார் என்ற பெயரில் எத்தனையோ பேர். எல்லோரையும் ஒரு குறிப்பில் அடக்க முடியுமா?
– தமிழ் ஆர்வலர், கோலாலம்பூர்

முடியாது, முயற்சி செய்யவும் கூடாது. அதியமானின் நண்பராக இருந்த சங்ககாலப் புலவர் ஒருவர், ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு கழித்து வந்தவர், போதாததற்கு 1953-இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து ஜெமினி ஸ்டூடியோ எடுத்த படம் வேறு. பெயர் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் ஒருவர் பக்கத்தில் இன்னொருவருக்குக் குறிப்பு போதும். அதற்கு மேல் போனால் "பக்கவழி நெறிப்படுத்தல்" என்று தனிப் பக்கம் வைத்து, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி, கட்டுரைகளின் தலையில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வழி காட்டுங்கள்.

கே: எங்கள் கடைக்கும் கட்டுரையில் வரும் ஊருக்கும் ஒரே பெயர். ஒரு குறிப்பு போட்டுக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், கரூர்

கூடாது. விளம்பரத்துக்கு வேறு இடம் பாருங்கள்.

கே: வார்ப்புரு போட்டேன், சிவப்பாக என்னவோ வருகிறது. இன்னொரு முறை அடைப்புக்குறியெல்லாம் அப்படியே பக்கத்தில் தெரிந்தது.
– இல்லத்தரசி, மதுரை

சிவப்பு வந்தால் அந்தப் பெயரில் தமிழ் விக்கியில் வார்ப்புரு இல்லை என்று பொருள்: ஒன்று, பெயரில் எழுத்துப் பிழை, இல்லை, வேறு மொழி விக்கியில் மட்டும் இருப்பதை எடுத்துவந்திருக்கிறீர்கள், அதுவும் இல்லையென்றால் நிற்கும் கோட்டை விட்டுவிட்டீர்கள், முழுவதையும் பெயர் என்றே அது நினைத்துக்கொண்டது. கைபேசியில் அந்தக் கோடு குறியீட்டுப் பலகைக்குள் ஒளிந்திருக்கும், அதற்குப் பதிலாகச் சிறிய 'எல்' எழுத்தை அடிப்பவர்கள் உண்டு. அடைப்புக்குறி அப்படியே தெரிந்தால் முடிவில் ஒன்று குறைகிறது, எண்ணிப் பாருங்கள். கொடுக்கும் சொற்களுக்குள் சமக்குறி வந்தாலும் அந்தத் துண்டு காணாமல் போகலாம். இதெல்லாம் தலைவலி என்றால் காட்சித் தொகுப்பியில் (குறியீடு இல்லாமல், பக்கம் தெரிகிற மாதிரியே வைத்துத் திருத்தும் கருவி) இரண்டு நெளிவு அடைப்பு அடியுங்கள், வார்ப்புருப் பெட்டி தானே திறக்கும்.

கே: குறிப்பில் "பார்க்க" என்று வருவதை "பார்க்கவும்" என்று மாற்ற ஆசை. வார்ப்புருவையே திருத்தலாமா?
– மென்பொருள் பொறியாளர், கோவை

திருத்தினால் அது போடப்பட்ட எல்லாக் கட்டுரைகளிலும் மாறும், வார்ப்புருவின் பலமும் பயமும் அதுதான். முதலில் வார்ப்புருவின் பக்கத்தில் "இப்பக்கத்தை இணைத்தவை" என்பதைச் சொடுக்கி எத்தனை கட்டுரைகள் இதை நம்பியிருக்கின்றன என்று பாருங்கள். கைவிரலில் அடங்காது என்றால் மணல்தொட்டியில் (சோதனைக்கென்றே இருக்கும் பக்கம்) சோதித்துவிட்டு, வார்ப்புருவின் உரையாடல் பக்கத்திலோ ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்திலோ கேளுங்கள். பரவலாகப் பயன்படுபவை பூட்டியும் இருக்கலாம். மாற்றிய பிறகு சில கட்டுரைகளில் பழைய சொல்லே தெரிந்தால் பதறி மறுபடி திருத்தாதீர்கள், மாற்றம் வரிசையில் நின்று ஒவ்வொரு பக்கமாகத்தான் போய்ச் சேரும்.