555 நோட்டும் சங்காராவும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தாமஸ் சங்காராவின் உரைகளை நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் அச்செடுத்துத் தந்தார். இரவில் படித்தால் ரத்தம் சூடாகிறது. விடிந்ததும், ஆப்பிரிக்காவில் எப்போதோ செத்துப்போன ஒரு ராணுவக்காரருக்கும் எங்கள் ஊர் செம்பனைக் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுகிறது. "பேச்சு சோறு போடாது" என்கிறார் அப்பா. இதையெல்லாம் படிப்பதில் பயன் உண்டா?

ம., சுங்கை சிப்புட்

அன்புள்ள ம.,

அப்பா மேல் கோபப்படாதீர்கள். எத்தனையோ தேர்தல் மேடைகளைப் பார்த்துச் சலித்த தலைமுறை அது. ரத்தம் சூடாகும் வரிகளைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். 1987 ஜூலை 29 அன்று எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகளின் கடனைப் பற்றி சங்காரா பேசியதை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

அப்போது அவருக்கு வயது 37. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் அதிபராகி நான்கு வருடம் ஆகப்போகிறது. கடன் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்கிறார். எங்களை அடிமைப்படுத்தி ஆண்டவர்களேதான் கடனும் கொடுத்தார்கள் என்கிறார். கட்டாவிட்டால் கொடுத்தவர்கள் செத்துவிட மாட்டார்கள், கட்டினால் நாங்கள் செத்துப்போவோம் என்கிறார். சூதாடியவர்கள் ஜெயித்த வரைக்கும் பேச்சே இல்லை, தோற்ற பிறகு எங்களிடம் கேட்கிறார்கள் என்கிறார். கடைத்தெருவில் நின்று நியாயம் கேட்கிற குரல் அது.

என் அம்மாவிடம் ஒரு 555 நோட்டு இருந்தது, கடையில் கடன் எழுதுகிற சின்ன நோட்டு. உள்ளங்கை அளவு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய், பால் டின் என்று கடைக்காரர் பென்சிலால் எழுதுவார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மழை பிடித்துக்கொண்டால் மரம் சீவ முடியாது, அன்றைய கூலியும் கிடையாது. நோட்டில் மட்டும் பக்கம் நிறைந்துகொண்டே போகும். சம்பள நாளில் அப்பா கடைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்தத் தொகை சரிதானா என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கடன்பட்டவன் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். அம்மா அந்த நோட்டை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

சங்காரா அந்த மண்டபத்தில் நோட்டைக் கேட்டார். யார் எழுதியது, எப்போது எழுதியது, காட்டு என்றார். பல தடவை படித்துவிட்டேன், அந்த இடம் வந்தால் இன்னமும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், எல்லா ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து கடனைக் கட்ட மறுக்க வேண்டும் என்கிறார். புர்கினா பாசோ தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். அதே வருடம் அக்டோபர் 15 அன்று தலைநகர் வாகடூகுவில் அவரையும் உடனிருந்த பன்னிரண்டு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். எண்பது நாள்கூட ஆகவில்லை.

அவரைச் சாமியாக்கிவிடாதீர்கள். 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை அவருடைய அரசு வேலையை விட்டு நீக்கியது. தொழிற்சங்கத்துச் சந்தா கட்டி வளர்ந்த குடும்பம் என்னுடையது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உரைகளை மட்டும் படித்தால் அந்த ஆசிரியர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். அதனால் அந்த வருடங்களின் வரலாற்றையும் தேடிப் படியுங்கள்.

அடிஸ் அபாபா உரையின் கடைசிப் பகுதியில் தன் உடுப்பைக் காட்டுகிறார். எங்கள் பருத்தி, எங்கள் ஊரில் நெய்து எங்கள் ஊரில் தைத்தது, ஐரோப்பாவில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ ஒரு நூல்கூட வரவில்லை என்கிறார். அந்த உரை சில பக்கம்தான். நீங்களே தமிழில் சொல்லிச் சொல்லி அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள், சாயங்காலம் அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில். முடித்ததும் 555 நோட்டைப் பற்றிக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.