அமெரிக்காவின் லத்தீனோ, குடியேறிய தொழிலாளர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

லத்தீனோக்கள் எனப்படும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் மற்ற நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் அமெரிக்காவில் என்ன வேலை செய்கிறார்கள், அவர்கள் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஹூஸ்டனிலிருந்து: லத்தீனோக்களிடையே வேலையின்மை ஐந்து சதவீத அளவில்தான் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் அந்த மனிதர் வேலையில் இருப்பவர்தான். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வேலை கிடைத்தவரும் அதே பட்டியலில்தான் வருவார்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலை போனவர்களுக்கு மாநிலங்கள் உதவித்தொகை தருகின்றன. சட்டப்படி தங்கி வேலை செய்வதற்கான ஆவணமில்லாத தொழிலாளிக்கு அது கிடையாது. அவர் பெயரில் முதலாளி அந்தக் காப்பீட்டு வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் கிடையாது. நல்ல வேலையாக வரட்டும் என்று காத்திருப்பதற்குக் கையில் காசு வேண்டும். அது இல்லாதவர் மறுநாளே கிடைத்த வேலைக்குப் போகிறார், கூலி பாதியாக இருந்தாலும். வேலையின்மை எண் குறைந்து தெரிவதில் இந்த நெருக்கடிக்கும் பங்கு உண்டு.

நான் அதிகம் கவனிப்பது அந்த எண் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைத்தான். 2019 செப்டம்பரில் லத்தீனோக்களின் வேலையின்மை 3.9 சதவீதம், அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. ஏழே மாதத்தில், 2020 ஏப்ரலில், அது ஏறக்குறைய 19 சதவீதத்தைத் தொட்டது. அதே மாதம் வெள்ளையருக்கு 14 சொச்சம். 2008 நெருக்கடிக்குப் பின்னும் இதே கதை. லத்தீனோ வேலையின்மை 13 சதவீதம் வரை போனது. கட்டுமானம், ஹோட்டல், உணவகம் ஆகிய தொழில்களில் அவர்கள் குவிந்திருக்கிறார்கள். பொருளாதாரம் தும்மினால் முதலில் ஆட்களை நிறுத்துவது இந்தத் தொழில்கள்தான்.

சென்னையிலிருந்து, பொருளியல் மாணவி: உள்நாட்டில் பிறந்தவருக்கும் குடியேறியவருக்கும் ஊதியத்தில் எவ்வளவு வித்தியாசம்?

2023இல் முழுநேரத் தொழிலாளர்களின் இடைநிலை வார ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்), குடியேறியவருக்கு 987 டாலர், உள்நாட்டில் பிறந்தவருக்கு 1,140 டாலர். அந்த ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர்களில் 18.6 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

ஆனால் ஆய்வுக் கட்டுரையில் இந்த 987ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள். குடியேறிய தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் லத்தீனோக்கள், கால்வாசி ஆசியர்கள். சென்னையிலிருந்து எச்-1பி விசாவில் போன மென்பொருள் பொறியாளரும், அயோவாவில் பன்றி இறைச்சி வெட்டும் குவாத்தமாலாக்காரரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். இருவர் ஊதியமும் சேர்ந்து வரும் எண் இருவரில் யாருடைய வாழ்க்கையையும் காட்டாது. எந்த நாட்டில் பிறந்தவர், எந்தத் தொழிலில் இருப்பவர் என்று பிரித்துப் பாருங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: ஐயா, குடியேறியவர்களை வெளியேற்றிவிட்டால் அந்த வேலைகள் உள்நாட்டவருக்குக் கிடைக்கும், கூலியும் உயரும் என்று என் அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

இதை அமெரிக்கா ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், மெக்சிகோவிலிருந்து பண்ணை வேலைக்கு ஒப்பந்தத்தில் ஆட்களை வரவழைத்தார்கள். பிராசெரோ திட்டம் என்று பெயர். உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களின் கூலியை இவர்கள் இறக்கிவிடுகிறார்கள் என்ற வாதம் வலுத்து, 1964 முடிவில் திட்டத்தை நிறுத்தினார்கள். பருவத்துக்கு வந்துபோன ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரின் வரத்து நின்றது.

கூலி உயர்ந்ததா? மைக்கேல் கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகிய மூவரும் மாநிலவாரியாகப் பழைய பதிவுகளைத் தோண்டியெடுத்து ஒப்பிட்டார்கள். 2018இல் ஆய்வு வெளியானது. பிராசெரோக்களை அதிகம் இழந்த மாநிலங்களிலும், அவர்கள் இல்லாமலே இருந்த மாநிலங்களிலும் கூலி ஒரே போக்கில்தான் நகர்ந்திருந்தது. பண்ணை முதலாளிகள் உள்ளூர் ஆட்களைத் தேடவில்லை, இயந்திரத்தை வாங்கினார்கள். கலிஃபோர்னியாவில் தொழிற்சாலைக்குப் போகும் தக்காளியைக் கையால் பறிப்பது சில ஆண்டுகளிலேயே ஒழிந்தது. இயந்திரத்தின் அடி தாங்குவதற்கென்றே தடித்த தோலுள்ள தக்காளி ரகத்தை டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருந்தார்கள். இயந்திரம் இல்லாத பயிர்களில் சிலவற்றின் சாகுபடியையே குறைத்துக்கொண்டார்கள்.

பண்ணைக் கூலியை உண்மையில் அசைத்தது வேறு. 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்கத் தலைவர்கள் சேசர் சாவேஸ், டோலோரஸ் வெர்த்தா வழிநடத்திய மெக்சிகோ வம்சாவளியினர் அதில் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாண்டு போராட்டத்துக்குப் பின் 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். குட்டைப்பிடி மண்வெட்டி என்று ஒன்று இருந்தது; முழங்கை நீளம்கூட இராது. அதைப் பிடித்து நாள் முழுக்க இடுப்பை வளைத்தபடியே களை எடுக்க வேண்டும். தொழிலாளி நிமிர்ந்தால் வேலை செய்யவில்லை என்று மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முப்பது வயதில் முதுகெலும்பு தேய்ந்து போனவர்கள் உண்டு. கலிஃபோர்னியா அதை 1975இல் தடைசெய்தது. இதைச் செய்ததெல்லாம் சங்கமும் சட்டமும். யாரையும் நாடு கடத்தி இது கிடைக்கவில்லை.

இன்றும் பண்ணைகளின் ஆள் பற்றாக்குறை பெரும்பாலும் உள்ளூர் ஆட்களால் தீர்வதில்லை. எச்-2ஏ என்ற தற்காலிக விசாவில் ஆள் எடுக்கிறார்கள். 2005இல் அரசு அனுமதித்த இடங்கள் 50,000ஐக்கூட எட்டவில்லை, 2023இல் 3.7 லட்சத்தைத் தாண்டியது. அந்த விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் ஏமாற்றினாலும் வேறு பண்ணைக்கு எளிதில் மாற முடியாது.

மதுரையிலிருந்து: 2025இல் குடியேறியோர் பத்து லட்சம் பேர் குறைந்து, அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு வேலை பெருகிவிட்டது என்று செய்தி படித்தேன். சரியா?

பாதி உண்மை. அவ்வாண்டு வசந்தத்துக்கும் கோடைக்கும் இடையில், அரசு மாதந்தோறும் வீடுகளில் நடத்தும் குடும்பக் கணக்கெடுப்பில் வெளிநாட்டில் பிறந்த தொழிலாளர் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு மேல் குறைந்தது. குடியேற்ற அதிகாரிகளின் சோதனைகளுக்கு அஞ்சி வேலைக்குப் போகாதவர்களும் நாட்டை விட்டுப் போனவர்களும் நிச்சயம் இருக்கிறார்கள். கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளருக்குப் பதில் சொல்லாதவர்களும், பிறந்த இடத்தை மாற்றிச் சொன்னவர்களும் இருக்கலாம்.

உள்நாட்டவர் வேலை பெருகியது என்ற மறுபாதி கணக்கு முறையால் வந்தது. இந்தக் கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே முன்கணிப்பாக வைத்துவிடுகிறார்கள். குடியேறியவர் பங்கு குறைந்தால், மொத்தம் மாறக் கூடாது என்பதற்காக உள்நாட்டில் பிறந்தவர் பங்கு தானாக ஏறிவிடும். யோசித்துப் பாருங்கள்: உள்நாட்டில் பிறந்த பெரியவர்கள் எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் பதினைந்து வயதுக்காரர்களுக்குப் பதினாறு ஆக வேண்டும். அது சில மாதங்களில் லட்சக்கணக்கில் எகிறாது. அந்தக் கணக்கெடுப்பில் உள்நாட்டவர் பற்றி நம்பத்தக்கது வேலையின்மை போன்ற விகிதங்கள்தான். தலை எண்ணிக்கை அல்ல.

டாலஸிலிருந்து: எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்ற ஜூலை வெயிலில் ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் வழுக்கி விழப்பார்த்தார். விழுந்திருந்தால் யார் பொறுப்பு?

டெக்சாஸில் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. தொழிலாளர் விபத்துக் காப்பீடு வைத்திருப்பது அங்கே தனியார் முதலாளிகளின் விருப்பம்தான், சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்கள் கையெழுத்திட்டது ஒரு நிறுவனத்தோடு. அது துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருக்கும். அவர் வேனில் ஆட்களை அழைத்துவரும் மேஸ்திரியிடம் விட்டிருப்பார். கூலி சதுர அளவுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை கையில் ரொக்கமாக வரும். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டினால் வேலை மெதுவாகும், கூலி குறையும்.

2022இல் அமெரிக்காவில் பணியிடத்தில் இறந்த 5,486 பேரில் 1,248 பேர் லத்தீனோக்கள். பால்டிமோரில் 2024 மார்ச் 26 அதிகாலை கப்பல் மோதிப் பாலம் இடிந்ததே, அதில் இறந்த ஆறு பேரும் பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோரிலிருந்து வந்தவர்கள். போக்குவரத்தை நிறுத்திய காவலர்களால் பல வாகனங்கள் தப்பின. வேலையாட்களை எச்சரிக்க நேரம் போதவில்லை. அந்த ஆறு பேரை நான் அடிக்கடி நினைக்கிறேன்.

அடுத்த முறை வேலையைத் தொடங்கும் முன் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். தராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், மலிவாக இருந்தாலும்.

சான் ஹோசேயிலிருந்து: ஆவணமில்லாதவருக்குச் சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றினால் அவர் புகார் செய்ய முடியுமா?

முடியும். செய்து முடித்த வேலைக்கு, குடியுரிமை நிலை எதுவானாலும், கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி கூலி கேட்க உரிமை உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். முதலாளி தெரிந்தே ஏமாற்றியிருந்தால் மூன்று. கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டம் இன்னும் சாதகமானது.

ஆனால் சங்கம் சேர்த்ததற்காக வேலையைவிட்டு நீக்கினால், வேலை இழந்த நாட்களுக்கான சம்பளத்தை ஆவணமில்லாதவர் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் தீர்ப்பளித்தது. மோசமான தீர்ப்பு என்பது என் கருத்து. சட்டத்தை மீறும் முதலாளிக்கு அது செலவைக் குறைத்துக் கொடுத்தது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி மாட்டியிருந்தால், வேலை செய்த தேதி, வந்த நேரம், போன நேரம், மேஸ்திரியின் கைபேசி எண், வேனின் பதிவெண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதலாளி பதிவேடு வைக்காதபோது தொழிலாளியின் நோட்டு சாட்சியாக நிற்கும்.

அட்லாண்டாவிலிருந்து: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒரு சதவீத வரி வந்திருக்கிறதாமே, நமக்கும் உண்டா?

2026 ஜனவரி முதல் உண்டு. ஆனால் ரொக்கமாகவோ மணி ஆர்டர் போன்றவற்றாலோ கட்டி அனுப்பினால்தான். வங்கிக் கணக்கிலிருந்து ஊருக்கு அனுப்பும் உங்களுக்கு இல்லை. கணக்குத் தொடங்க முடியாமல் கடையில் ரொக்கம் கட்டும் ஏழைகளுக்குத்தான் அடி.

சிகாகோவிலிருந்து, ஆசிரியை: என் வகுப்பில் பாதிப் பேர் லத்தீனோ பிள்ளைகள். பெற்றோரின் வேலைக்கேதான் போவார்களா?

பெரும்பாலோர் போகமாட்டார்கள். அமெரிக்க லத்தீனோக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேயே பிறந்தவர்கள். 2000இல் லத்தீனோ இளைஞர்களில் சுமார் 28 சதவீதம் பேர் பள்ளியை முடிக்காமல் நின்றிருந்தார்கள். 2021இல் அது சுமார் 8 சதவீதம். செவிலியர், ஆசிரியர், அலுவலகப் பணி என்று அவர்கள் நகர்வது வேகமாக நடக்கிறது.

உங்கள் வகுப்பில் ஆவணமில்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களைத் தனியாகக் கவனியுங்கள். சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களுக்கு வேலை அனுமதி தரும் டாக்கா (DACA) திட்டம், 2007 ஜூன் 15க்கு முன்பிருந்தே நாட்டில் வசித்தவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பிறந்தவர்களும் வந்தவர்களும் அதில் சேர முடியாது. 2012இல் அறிவித்த அந்தத் தேதியை இன்றுவரை மாற்றவில்லை. ஆகவே இப்போது பள்ளியில் படிக்கும் ஆவணமில்லாத பிள்ளைகளில் அநேகமாக யாருக்குமே அந்த வழி இல்லை. கல்லூரிக்கு எந்த மாநிலம் அவர்களிடமும் உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணமே வாங்குகிறது என்பதை அவர்களுக்கு இப்போதே சொல்லுங்கள். இல்லினாய் 2003 முதல் வாங்குகிறது.